பேஸ்பால்: பேஸ்களுக்கு இடையே ஓடும் விதிகளும் ஃபீல்டர்கள் நிற்கும் இடங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பேஸ்பாலில் பந்து வீசுவதும் அடிப்பதும் விரைவில் பிடிபட்டுவிடும். அடித்த பிறகு நடப்பவைதான் குழப்பும். ஒரு சமயம் ஃபீல்டர் பேஸை மிதித்ததுமே ஓடி வந்தவர் தலைகுனிந்து வெளியேறுகிறார். இன்னொரு சமயம் அதே பேஸில் பந்துடன் காத்திருக்கும் ஃபீல்டர், வருபவரைத் தொட்டே ஆக வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால் மற்ற விதிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கும். கீழே கூறப்படுபவை அமெரிக்காவின் மேஜர் லீக் ஆட்டங்களில் நடைமுறையில் உள்ளவை. சிறுவர்களுக்கான ஆட்டங்களில் தூரங்களும் சில விதிகளும் மாறும்.

மைதானம் எப்படி அமைந்திருக்கிறது? எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

ஹோம் பிளேட், முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் ஆகிய நான்கும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் உள்ளன. ஒவ்வொரு பக்கமும் 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர். பந்தை அடித்தவர் வலப்பக்கத்தில் இருக்கும் முதல் பேஸுக்கு ஓடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்து, மீண்டும் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன் கிடைக்கும். ஒரே மூச்சில் சுற்றி முடிக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு பேஸில் நின்றுகொண்டு, அடுத்தடுத்து ஆட வருபவர்களின் அடிகளைப் பயன்படுத்தி முன்னேறலாம். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்துவிடும். இரு அணிகளும் இப்படி ஒவ்வொரு முறை ஆடி முடித்தால் அது ஓர் இன்னிங்ஸ்.

ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வழியாகவும் மூன்றாம் பேஸ் வழியாகவும் இரண்டு வெள்ளைக் கோடுகள் மைதானத்தின் எல்லை வரை நீள்கின்றன. அவற்றுக்கு வெளியே போகும் பந்து ஃபவுல். ஃபவுல் பந்தை யாரும் பிடிக்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஓடியவர்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்.

எப்போது பேஸை மிதித்தால் போதும்? எப்போது ஆளைத் தொட வேண்டும்?

மேலே குறிப்பிட்ட வேறுபாடு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு பேஸில் ஒருவர்தான் இருக்க முடியும் என்பது அடிப்படை விதி. பந்தைத் தரையோடு அடித்த பேட்டர், கிரிக்கெட்டில் போல ஓடாமல் நின்றுவிட முடியாது. முதல் பேஸுக்கு ஓடியே தீர வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தால், அவர் இடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாம் பேஸுக்குப் போயாக வேண்டும். இரண்டாம் பேஸிலும் ஒருவர் இருந்தால் அவர் மூன்றாம் பேஸுக்குப் போயாக வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து தள்ளப்பட்டு ஓடுபவருக்கு வேறு வழி கிடையாது. ஆகவே, அவர் போய்ச் சேர வேண்டிய பேஸை, பந்தைக் கையில் வைத்திருக்கும் ஃபீல்டர் அவருக்கு முன்பாக மிதித்துவிட்டாலே அவர் அவுட். இதை ஃபோர்ஸ் அவுட் என்பார்கள்.

தள்ளுவதற்குப் பின்னால் ஆளில்லாதவர் தம் விருப்பத்தின் பேரில் ஓடுகிறார். வேண்டாம் என்று தோன்றினால் பாதியிலேயே திரும்பியும் விடலாம். திரும்பும் வழி அவருக்குத் திறந்திருப்பதால் முன்னால் உள்ள பேஸை மிதித்து அவரை அவுட்டாக்க முடியாது. அவர் பேஸை விட்டு விலகியிருக்கும் நேரத்தில் பந்தாலோ, பந்து இருக்கும் கையுறையாலோ அவர் உடலைத் தொட வேண்டும். இது டேக்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கும்போது நான் ஒரு தாளில் சதுரம் வரைந்து, மூலைகளில் நாணயங்களை வைத்துக் காட்டுவது வழக்கம். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஒவ்வொரு நாணயம் இருக்கட்டும். ஹோம் பிளேட்டிலிருந்து பேட்டர் நாணயத்தை முதல் பேஸுக்கு நகர்த்தினால், அங்கிருந்த நாணயம் இரண்டாம் பேஸுக்குத் தள்ளப்படுகிறது. மூன்றாம் பேஸில் உள்ள நாணயத்தை எதுவும் தொடவில்லை. ஆகவே முதல் பேஸிலிருந்து ஓடுபவருக்கு மிதித்தால் போதும். மூன்றாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு வருபவரைத் தொட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பின்னாலிருந்து தள்ளியவர் அவுட்டாகிவிட்டால், அந்த நொடியிலேயே கட்டாயம் நீங்கிவிடுகிறது. முதல் பேஸில் ஒருவர் இருக்கும்போது தரையில் உருண்டுவரும் பந்தை முதல் பேஸ் ஃபீல்டர் எடுத்து, தம் பேஸை மிதித்துப் பேட்டரை அவுட்டாக்கிவிட்டு, பிறகு இரண்டாம் பேஸுக்கு எறிகிறார் என்று கொள்வோம். இப்போது அங்கே ஓடுபவரைத் தள்ள யாரும் இல்லை. அவர் முதல் பேஸுக்கே திரும்பிவிடலாம். எனவே இரண்டாம் பேஸில் பந்தைப் பெற்றவர் அவரைத் தொட்டாக வேண்டும். இதை மறந்து பேஸை மட்டும் மிதித்துவிட்டு ஏமாறும் ஃபீல்டர்களை எல்லா நிலை ஆட்டங்களிலும் காணலாம்.

முதல் பேஸைத் தாண்டி ஓடுகிறவர் ஏன் அவுட் ஆவதில்லை?

பேட்டர் முதல் பேஸைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் தாண்டிப் போக விதி அனுமதிக்கிறது. ஆனால், அவர் நேராகப் பேஸுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் பேஸை நோக்கிப் போக முயன்றார் என்று நடுவர் கருதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், தொட்டால் அவுட். இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் இந்தச் சலுகை இல்லை. அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்தி நிற்கவே சறுக்கி விழுந்து பேஸைப் பற்றிக்கொள்கிறார்கள்.

பந்தைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் மற்ற ஓட்டக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தவுடன் பந்து செயலற்றதாகிவிடுகிறது. பேஸ்பாலில் பேட்டர் மட்டுமே அவுட். பந்து உயிரோடு இருக்கிறது, ஆட்டம் தொடர்கிறது. கேட்ச் பிடிக்கப்படும் முன்பே புறப்பட்டுவிட்டவர், தாம் இருந்த பேஸுக்குத் திரும்பி வந்து அதைத் தொட வேண்டும். அவர் திரும்புவதற்குள் பந்து அந்த பேஸுக்கு வந்து, ஃபீல்டர் அதை மிதித்துவிட்டால் அவரும் அவுட்.

மாறாக, பேஸைத் தொட்டபடி காத்திருந்து, ஃபீல்டரின் கையில் பந்து பட்ட பிறகு புறப்பட்டு அடுத்த பேஸுக்கு ஓடலாம். மூன்றாம் பேஸில் ஒருவர் இருக்கும்போது, இரண்டு அவுட்டுக்கும் குறைவாக இருந்தால், பேட்டர் வேண்டுமென்றே பந்தை உயரமாக வெகுதூரம் அடிக்க முயல்வதற்குக் காரணம் இதுதான். அவர் அவுட்டாகலாம், ஆனால், அந்த நீண்ட எறிதல் வந்து சேர்வதற்குள் மூன்றாம் பேஸிலிருந்தவர் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிடுவார். தன் விக்கெட்டைக் கொடுத்து அணிக்கு ரன் சேர்க்கும் இந்தச் செயல், ஆட்டத்தின் மிக அழகான பகுதிகளுள் ஒன்று என்பது என் எண்ணம்.

பந்து கீழே இறங்கும் முன்பே நடுவர் பேட்டரை அவுட் என்று அறிவிப்பது ஏன்?

அது இன்ஃபீல்ட் ஃப்ளை விதி. முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு அவுட்டுக்கும் குறைவு. பந்து நேர்க்கோட்டில் பறக்காமல் வானத்தில் எழும்பி, இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டிய உட்பகுதியில் நிற்கும் ஃபீல்டர்) ஒருவர் சிரமமின்றிப் பிடிக்கக்கூடிய இடத்தில் இறங்குகிறது. ஓட்டக்காரர்கள் கேட்ச் ஆகும் என்று நம்பிப் பேஸிலேயே நிற்பார்கள். இந்த விதி இல்லாவிட்டால், ஃபீல்டர் பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு, உடனே எடுத்து எறிந்து, திடீரென்று ஓட வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளான இருவரையும் அவுட்டாக்கிவிடுவார். அந்தத் தந்திரத்தைத் தடுக்க 1895-இல் இந்த விதி கொண்டுவரப்பட்டது. பேட்டர் உடனே அவுட் என்பதால் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. ஓட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்கலாம். துணிச்சல் இருந்தால் ஓடவும் செய்யலாம், ஆட்டம் நிற்பதில்லை.

மூன்றாவது அவுட் விழும் அதே வேளையில் ஒருவர் ஹோம் பிளேட்டைத் தொட்டால் அந்த ரன் கணக்கில் வருமா?

மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தாலோ, பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன்பே அவுட்டாகியிருந்தாலோ ரன் சேராது. ஹோம் பிளேட்டை எவ்வளவு முன்னதாகத் தொட்டிருந்தாலும் சேராது. மூன்றாவது அவுட் டேக் முறையில் விழுந்தால், எது முதலில் நடந்தது என்று நடுவர் பார்ப்பார். தொடுவதற்கு முன் ஹோம் பிளேட்டைத் தாண்டியிருந்தால் ரன் உண்டு.

இந்த விதியின் கடுமையை 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் நடந்த ஆட்டத்தைப் போல வேறெதுவும் உணர்த்தாது. நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் 1-1 என்று சமநிலையில் இருந்தன. கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் மெக்கார்மிக். முதல் பேஸில் பத்தொன்பது வயது ஃப்ரெட் மெர்க்கில். பிரிட்வெல் பந்தை நடுக்களத்துக்கு அடித்தார். மெக்கார்மிக் ஹோம் பிளேட்டைத் தொட்டார். பார்வையாளர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணிய மெர்க்கில், இரண்டாம் பேஸைத் தொடாமலே பாதி வழியில் உடைமாற்றும் அறைக்குத் திரும்பிவிட்டார். சிகாகோவின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தை வரவழைத்து இரண்டாம் பேஸை மிதித்தார். பிரிட்வெல்லால் தள்ளப்பட்டு மெர்க்கில் இரண்டாம் பேஸுக்குப் போயாக வேண்டியவர் என்பதால் அது ஃபோர்ஸ் அவுட். மூன்றாவது அவுட்டும் அதுவே. ரன் செல்லாது என்று நடுவர் ஹாங்க் ஓடே தீர்ப்பளித்தார். ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது. பருவத்தின் முடிவில் இரண்டு அணிகளும் சமநிலையில் நின்றதால் அக்டோபர் 8 அன்று மீண்டும் ஆடினார்கள். சிகாகோ வென்று சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடருக்குச் சென்று, அதையும் கைப்பற்றியது.

மெர்க்கிலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். வெற்றி ரன் எடுத்தவுடன் மற்றவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புவது அந்நாளில் பரவலான வழக்கம். அதே மாதம் 4-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் இதே போன்ற ஒரு நிகழ்வில் எவர்ஸ் முறையிட்டபோது, இதே ஓடே அதை ஏற்கவில்லை. விதி மாறவில்லை, அதை நடைமுறைப்படுத்தும் உறுதிதான் மூன்று வாரத்துக்குள் மாறியது. அதன் சுமை ஓர் இளைஞரின் பெயரில் ஆயுள் முழுவதும் தங்கிவிட்டது.

இரண்டு ஓட்டக்காரர்கள் ஒரே பேஸில் நின்றால் யார் அவுட்?

கட்டாயம் ஏதுமில்லாத நிலையில், முன்னால் சென்றவருக்கே அந்த பேஸ் உரியது. பின்னால் வந்தவரைத் தொட்டால் அவர் அவுட். கட்டாயம் இருந்தால் முறை தலைகீழாகும்: பின்னால் வந்தவருக்கே உரிமை, இடத்தைக் காலி செய்ய வேண்டியவர் அவுட் ஆவார். முன்னால் ஓடுபவரைத் தாண்டிச் செல்வது எப்போதும் அவுட்தான். 1999 அக்டோபர் 17 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் ராபின் வென்ச்சுரா, 15-ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆட்கள் இருக்கும்போது பந்தை எல்லைச் சுவருக்கு மேலே அடித்தார். நான்கு ரன்கள் கிடைத்திருக்க வேண்டும். ஆனால், முன்னால் ஓடிய டாட் பிராட் மகிழ்ச்சியில் திரும்பி வந்து அவரைத் தூக்கிக்கொள்ள, வென்ச்சுரா இரண்டாம் பேஸையே தொடவில்லை. அந்த அடி ஒரு பேஸ் அடியாகவும், ரன் ஒன்றாகவும் மட்டுமே பதிவாயிற்று. வெற்றிக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது எப்படி அனுமதிக்கப்படுகிறது?

பேஸைத் திருடுதல் என்று இதை அழைப்பார்கள். ஃபவுல் போன்ற நிறுத்தங்கள் இல்லாத எந்த நேரத்திலும் ஓட்டக்காரர் முன்னேறலாம். தொடப்பட்டால் அவுட் என்ற ஆபத்து அவருடையது. இதன் கணக்கு மிக நெருக்கமானது. பந்து வீசுபவரான பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து, ஹோம் பிளேட்டின் பின்னால் அமர்ந்திருக்கும் கேட்சரின் கையுறையைப் பந்து சேர சுமார் 1.3 விநாடி, கேட்சர் எழுந்து எறிந்து அது இரண்டாம் பேஸை அடைய சுமார் 2 விநாடி. ஆக, ஓட்டக்காரருக்குக் கிடைப்பது 3.3 விநாடிகள்தான். அதனால்தான் அவர் முன்கூட்டியே பேஸிலிருந்து சில அடிகள் விலகி நிற்கிறார்; அந்த விலகலைக் குறைக்கவே பிட்சர் அடிக்கடி முதல் பேஸுக்கு எறிகிறார்.

2023-இல் மேஜர் லீக், பேஸ்களின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியது. ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் ஓட்டக்காரரை நோக்கித் திரும்புவதற்கும் வரம்பு வைத்தது. இருமுறை திரும்பியபின் மூன்றாம் முறை அவரை அவுட்டாக்க முடியாவிட்டால், அவருக்கு அடுத்த பேஸ் தானாகவே கிடைக்கும். விளைவு உடனே தெரிந்தது: 2022-இல் 2486-ஆக இருந்த திருட்டுகள் 2023-இல் 3503-ஆக உயர்ந்தன. தனியொருவரின் சாதனையில் ரிக்கி ஹெண்டர்சன் எட்டாத உயரத்தில் இருக்கிறார்: 1982-ஆம் ஆண்டில் மட்டும் 130, வாழ்நாளில் 1406.

ஓட்டக்காரர் எந்தப் பாதையில் வேண்டுமானாலும் ஓடலாமா?

தொடப்படுவதைத் தவிர்க்க, தம் பாதையிலிருந்து மூன்று அடிக்கு மேல் விலகினால் அவுட். அந்தப் பாதை சுண்ணாம்புக் கோடு அல்ல. ஃபீல்டர் தொட முயலும் கணத்தில் ஓட்டக்காரர் இருக்கும் இடத்திலிருந்து பேஸ் வரையிலான நேர்க்கோடே பாதை. உருண்டுவரும் பந்தை எடுக்க முயலும் ஃபீல்டருக்கு வழிவிடுவது ஓட்டக்காரரின் கடமை. இடித்தால் அவரே அவுட். மறுபுறம், கையில் பந்து இல்லாத, பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாத ஃபீல்டர் வழியை மறித்தால் தவறு அவருடையது. 2011-இல் ஹோம் பிளேட்டில் ஏற்பட்ட மோதலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேட்சர் பஸ்டர் போஸி கடுமையாகக் காயமடைந்தார். 2014-இல் அத்தகைய மோதல்களைத் தடுக்கும் விதி வந்தது. வந்திருக்க வேண்டிய காலத்துக்குப் பின்பே வந்தது என்பேன்.

ஒன்பது ஃபீல்டர்களும் எங்கே நிற்கிறார்கள்? அவர்களுக்கு எண்கள் ஏன்?

ஸ்கோர் எழுதுவதற்காக ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. இது சட்டையில் உள்ள எண் அல்ல. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் ஃபீல்டர் 3, இரண்டாம் பேஸ் ஃபீல்டர் 4, மூன்றாம் பேஸ் ஃபீல்டர் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. புல்வெளியில் தொலைவில் நிற்பவர்கள் இடது அவுட்ஃபீல்டர் 7, நடு அவுட்ஃபீல்டர் 8, வலது அவுட்ஃபீல்டர் 9.

பந்து வீசப்படும்போது பிட்சரும் கேட்சரும் மட்டும் தமக்குரிய இடத்தில் நின்றாக வேண்டும். மற்றவர்கள் கோடுகளுக்கு உள்ளே எங்கும் நிற்கலாம் என்பதே நெடுங்கால வழக்கம். பேட்டர் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கணித்து மூன்று இன்ஃபீல்டர்களை ஒரே பக்கத்தில் குவிக்கும் போக்கு பெருகியதால், இரண்டாம் பேஸின் இருபுறமும் இருவர் இருவராக, இன்ஃபீல்ட் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று 2023-இல் கட்டுப்பாடு வந்தது.

ஷார்ட்ஸ்டாப் ஏன் அவ்வளவு முக்கியமானவர்? இடது கையால் எறிபவர்கள் அங்கே ஏன் ஆடுவதில்லை?

வலது கை பேட்டர்கள் பந்தைத் தம் இடப்பக்கமாக இழுத்து அடிப்பது இயல்பு. அந்தப் பந்துகள் ஷார்ட்ஸ்டாப்பிடமே அதிகம் வருகின்றன. முதல் பேஸ் அவரிடமிருந்து வெகுதொலைவு. பேட்டர் முதல் பேஸை அடைய நான்கு விநாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் ஓடி, குனிந்து, எடுத்து, எறிய வேண்டும். இடது கையால் எறிபவர் பந்தை எடுத்தபின் உடலை முழுவதும் திருப்பியாக வேண்டும். அந்தக் கால் விநாடியே பேட்டரைக் காப்பாற்றிவிடும். இதே காரணத்தால் இரண்டாம், மூன்றாம் பேஸ்களிலும் அவர்கள் ஆடுவது மிக அரிது. முதல் பேஸில் மட்டும் இடது கை சாதகமானது, ஏனெனில் கையுறை வலது கையில், மைதானத்தின் உட்புறம் நோக்கி இருக்கும்.

6-4-3 என்று எழுதுவதன் பொருள் என்ன?

முதல் பேஸில் ஒருவர் இருக்கும்போது ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டு வந்த பந்து இரண்டு பேரை வீழ்த்திய கதை அது. 6 பந்தை எடுத்து இரண்டாம் பேஸை நோக்கி, மார்பு உயரத்தில், எளிதாகப் பிடிக்கும்படி எறிகிறார். 4 தம் இடத்திலிருந்து ஓடிவந்து, பந்தைப் பெறும்போதே பேஸை மிதிக்கிறார். இது முதல் அவுட். பந்து கையுறையில் தங்குவதில்லை. வலது கை அதை உடனே எடுத்துவிடுகிறது. சறுக்கி வருபவரின் கால்களைத் தவிர்க்க அவர் ஓரடி விலகி அல்லது எழும்பி, முதல் பேஸில் காலை நீட்டி நிற்கும் 3-க்கு எறிகிறார். இரண்டு அவுட்டுகளுமே ஃபோர்ஸ் என்பதால்தான் இது முடிகிறது. யாரையும் தொட வேண்டியிருந்தால் நேரம் போதாது.

பந்து தம்மிடம் வராத ஃபீல்டர்கள் என்ன செய்கிறார்கள்?

சும்மா நிற்பவர் எவருமில்லை. முதல் பேஸ் ஃபீல்டர் பந்தை எடுக்க விலகிப் போனால், பிட்சர் ஓடிச்சென்று முதல் பேஸைக் காக்கிறார். நேராக ஓடாமல், கோட்டை ஒட்டி வளைந்து ஓடி, பேட்டருடன் மோதாதபடி பேஸின் உள்விளிம்பை மிதிக்கிறார். மற்ற பேஸ்களில் ஆளில்லாவிட்டால், கேட்சர் தம் கனத்த கவசங்களுடன் முதல் பேஸின் பின்புறம் வரை ஓடி, தவறிய எறிதல்களைத் தடுக்க நிற்கிறார்.

2001 அக்டோபர் 13 அன்று ஓக்லாந்தில் நடந்த ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸ் இதற்கு நிலையான சான்று. நியூயார்க் யாங்கீஸ் 1-0 என முன்னிலையில் இருந்தது. வலது மூலைக்குச் சென்ற பந்தை ஷேன் ஸ்பென்சர் எறிந்தார். இடையில் நின்று வாங்கி அனுப்ப வேண்டிய இருவரின் தலைக்கும் மேலாக அது பறந்தது. முதல் பேஸிலிருந்து புறப்பட்ட ஜெரமி ஜியாம்பி ஹோம் பிளேட்டை நெருங்கிக்கொண்டிருந்தார். ஷார்ட்ஸ்டாப் டெரிக் ஜீட்டர் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து, முதல் பேஸ் கோட்டருகே பந்தைப் பிடித்து, புறங்கையால் கேட்சர் போசாடாவிடம் தட்டிவிட்டார். சறுக்காமல் நிமிர்ந்தே ஓடிவந்த ஜியாம்பியின் காலைப் போசாடா தொட்டார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது.

ஒரே ஃபீல்டர், யார் உதவியுமின்றி, மூன்று பேரையும் அவுட்டாக்க முடியுமா?

முடியும். உலகத் தொடரில் அது ஒரேயொரு முறை நிகழ்ந்திருக்கிறது. 1920 அக்டோபர் 10, கிளீவ்லாந்து, எதிரணி புரூக்லின். ஐந்தாவது இன்னிங்ஸ், ஒருவரும் அவுட்டாகவில்லை. இரண்டாம் பேஸில் கில்டஃப், முதல் பேஸில் மில்லர். கிளாரன்ஸ் மிட்செல் பந்தை வேகமாக நேர்க்கோட்டில் அடித்ததும் இருவரும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் பேஸ் ஃபீல்டர் பில் வாம்ஸ்கான்ஸ் எழும்பி அதைப் பிடித்தார்: மிட்செல் அவுட். கில்டஃப் மூன்றாம் பேஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததால், வாம்ஸ்கான்ஸ் இரண்டாம் பேஸை மிதித்தார்: கில்டஃப் அவுட். இது ஃபோர்ஸ் அவுட் போலத் தோன்றினாலும் அல்ல. பேட்டர் அவுட்டான பின் யாரும் யாரையும் தள்ளவில்லை, திரும்பி வந்து தொடத் தவறியதற்காகவே கில்டஃப் வீழ்ந்தார். திரும்பிப் பார்த்தால், மில்லர் சில அடி தூரத்தில் என்ன நடந்தது என்றே விளங்காமல் நின்றுவிட்டிருந்தார். வாம்ஸ்கான்ஸ் நடந்து சென்று பந்தால் அவரைத் தொட்டார்.